வாயில்லா ஜீவன்கள்

முள் அசையவில்லை.

புளிப்புக் கரைசலை ஊற்றி இருபது நிமிடம் ஆகிவிட்டது. தொட்டியில் பாக்டீரியா உயிரோடு இருந்தால் புளிப்பைத் தின்னும், அதிலிருக்கும் கார்பனை எடுத்து உடம்பு வளர்க்கும், மூச்சு வாங்கும். நீரில் கலந்த காற்று குறையும். மீட்டரின் முள் இறங்கும்.

ஆறில் உட்கார்ந்த முள் ஆறிலேயே இருந்தது.

பழரச ஆலை மூடி நாற்பது நாள். கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவள் மட்டும் தினமும் வந்தாள். கிடங்கில் மிஞ்சிய சிட்ரிக் அமிலத்தை வாளி வாளியாகக் கரைத்து ஊற்றினாள். சம்பளம் கிடையாது. விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

ஆலையை வாங்க வந்தவர்களின் இன்ஜினியருக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். தொட்டி உயிரோடு இருந்தால் அடுத்த வாரமே ஆலை ஓடும், அறுபது பேருக்கும் வேலை. செத்திருந்தால் வேறு ஆலை பார்த்துக்கொள்வார்கள்.

"இன்னும் ஒரு மணி நேரம் பொறுங்க சார்."

"செத்ததுக்கு எத்தனை மணி நேரம் காவல் இருந்தா என்னம்மா?"

அவர் பையை மூடிக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.

அவள் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். அழுவதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

பின்னாலிருந்து வாட்ச்மேன் வந்தான். முகம் பேயறைந்ததுபோல் இருந்தது.

"அக்கா, காலையில ஒரு மூட்டை சர்க்கரையத் தொட்டியில கொட்டிட்டேன். நாப்பது நாளா வெறும் புளிப்பையே குடுக்கிறீங்க. வாயில்லா ஜீவனாச்சே, இன்னிக்காவது நல்லாச் சாப்பிடட்டுமேன்னு..."

வாயில்லாததுதான். உடம்பெல்லாம் வாசல். இனிப்பு கிடைத்துவிட்டால் புளிப்பு நுழைகிற வாசல்களை அடைத்துவிடும், விருந்துக்குப் போய்வந்த பிள்ளைகள் வீட்டுச் சாப்பாட்டுக்கு முகம் திருப்புவதுபோல. காலையில் கொட்டியது இந்நேரம் தீர்ந்திருக்கும்; இனி அந்த வாசல்களை மறுபடி கட்ட வேண்டும். அதுவரை செத்ததுபோலத்தான் கிடக்கும்.

"எவ்வளவு நேரமாகும்க்கா?"

"அரை மணி. ஒரு மணி. அதுங்ககிட்ட யாரு கேக்கிறது?"

அவன் அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டு கேட்டை நோக்கி ஓடினான். அவள் விரல்களை மூடிக்கொண்டாள்.

பூட்டிய கேட்டின் முன் கார் ஹாரன் அடித்தது.

வாட்ச்மேன் சட்டைப் பையைத் தடவினான். கால்சட்டைப் பையைத் தடவினான். நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தான். ஷூவைக் கழற்றி உதறினான்.

இரண்டாவது ஹாரன் நீளமாக வந்தது. இன்ஜினியர் கதவைத் திறந்து இறங்கிக் கத்தினார். வாட்ச்மேன் மற்றொரு ஷூவையும் கழற்றினான்.

அவள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது ஹாரன். நான்காவது.

முள் சிலிர்த்தது.

ஐந்தே முக்கால். ஐந்தரை. ஐந்து.

வாளியிலிருந்து எழுந்தாள். வெடித்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"சார்! கேட்டுச் சாவி இங்க என்கிட்டதான் இருக்கு. இப்படி வந்து வாங்கிக்கிட்டுப் போங்க!"