ரெக்ஸின் டம்ளர்

நாளை பக்கத்துக் கல்லூரியோடு பாஸ்கெட்பால் ஆட்டம். முந்தின நாள் டீக்கடை மேசையில் பத்து கண்ணாடி டம்ளர்களை நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆட்டக்காரனின் பெயர் வைத்து, ஆட்டத்தை நகர்த்திப் பார்ப்பது எங்கள் வழக்கம். போன வருடம் லாரன்ஸின் டம்ளர் விழுந்து உடைந்தது. மறுநாள் ஆட்டத்தில் அவன் முழங்கால் போனது.

"ஏலே, நீ நகத்து."

"நான் தொட மாட்டேன்ப்பா."

அப்போது கேப்டன் ரெக்ஸ் வந்தான். எது யாருடையது என்று தெரியாமல் அவன் பெயர் வைத்த டம்ளரையே எடுத்து நீட்டி, டீ வாங்கிக் குடித்தான்.

"ஏன்லே எல்லாரும் முழிக்கிய? நாளைக்கு நாமதான்."

டம்ளரை மேசை விளிம்பில் வைத்துவிட்டுப் போனான். பஸ் வரும்போதெல்லாம் மேசை அதிர்கிறது. டம்ளர் பாதி வெளியே நிற்கிறது. உள்ளே தள்ளி வைக்க எங்களில் யாருக்கும் கை வரவில்லை.