கறுப்புத் தடம்

என் தம்பியின் பந்தயக் கார் சக்கரங்களைப் புகையப் புகையச் சுழற்றி, தார்மேல் இரண்டு கறுப்புத் தடங்களைத் தீட்டிவிட்டு நிற்கிறது. இனி தொடக்கக் கோட்டுக்குப் பின்னோக்கி வந்து அதே தடத்தில் நின்றால்தான் பிடிமானம் கிடைக்கும். விலகினால் பதினோராயிரம் குதிரைத்திறனும் வீணாகச் சுழன்று பந்தயம் போய்விடும். அவனுக்குப் பின்பக்கம் தெரியாது. எதிரே நின்று நான்தான் கைகாட்டுகிறேன். இஞ்சினைக் கோத்தவனும் நான்தான். "உன் தொப்பை உள்ள நுழையாதுண்ணே" என்று சிரித்துக்கொண்டே இருக்கையில் ஏறியவன் அவன். வேலியோரம் அப்பா, "ஓட்டுறது என் பையன்!" என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் கத்துகிறார். தரை அதிர்கிறது. புகையில் கண் எரிகிறது, வயிறும் எரிகிறது. பின்னோக்கி வந்த சக்கரங்கள் தடத்தைவிட்டு ஒரு சாண் தள்ளி நிற்கின்றன. "சரியா இருக்காண்ணே?" என்று ரேடியோவில் கேட்கிறான். கட்டைவிரலை உயர்த்துகிறேன்.