சங்கத் தலைவரின் லாரி

மூன்றே வாரத்தில் மூன்றாவது முறை. அதே மலையேற்றத்தில் அதே லாரி, இஞ்சின் கொதித்து நின்றுவிட்டது.

முதலாளிக்குக் கோபம் தலைக்கேறியது. பின்னே? லாரி உரிமையாளர் சங்கத்துக்கு இப்போதுதான் தலைவராகியிருந்தார். தலைவர் லாரியே நடுரோட்டில் நின்றால் ஊர் சிரிக்காதா?

தண்ணீர் குறைகிறதா என்று பார்த்தாயிற்று. ஃபேன் பெல்ட் புதுசு. ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பும் எடுத்தாயிற்று. மெக்கானிக் கடைசியில் ஏதோ சொல்ல வாயெடுத்தார்; முதலாளி முகத்தைப் பார்த்ததும் மென்று விழுங்கிவிட்டார்.

மிச்சம் டிரைவர்தான். ஆள் வேலைக்குப் புதுசு. முன்பு இருந்தவருக்கு வாய் நீளம், எதற்கெடுத்தாலும் குறை சொல்வார், அதனால் அனுப்பியாகிவிட்டது. இவர் வாயில்லாப் பூச்சி. ஆனால் ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"இன்னிக்கு நானே கூட வர்றேன். வண்டி கொதிச்சதுன்னா நீ வேற இடம் பார்த்துக்க" என்று ஏறி உட்கார்ந்தார்.

டிரைவர் தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

பாதி ஏற்றத்தில் இஞ்சின் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. முன்னால் குபுகுபுவென்று ஆவி.

டிரைவர் ஓரங்கட்டினார். முதலாளி அர்ச்சனையை ஆரம்பித்தார். கிளட்ச் மிதிப்பது சரியில்லை, கியர் மாற்றுவது சரியில்லை, உட்காரும் தோரணையே சரியில்லை. டிரைவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"எப்படியும் என் வேலை போச்சு முதலாளி. இஞ்சினாவது பிழைக்கட்டும்."

நாலு போல்ட்டைக் கழற்றினார். ரேடியேட்டருக்குக் காற்று போகும் முகப்பை முழுசாக மறைத்துக்கொண்டிருந்த தகர போர்டு கையோடு வந்தது. 'சங்கத் தலைவர்' என்று கொட்டை எழுத்து, பக்கத்தில் முதலாளியின் சிரித்த முகம். டிரைவர் அதைத் துடைத்து, பத்திரமாக முதலாளி மடியில் வைத்தார்.

இஞ்சின் ஆறியதும் தண்ணீர் ஊற்றிக் கிளம்பினார்கள். முள் பாதியைத் தாண்டவில்லை. உச்சி வந்தும் தாண்டவில்லை.

முதலாளி மடியிலிருந்த தன் மூஞ்சியைப் பார்த்தார். கோபம் போன இடம் தெரியவில்லை. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அட, காத்துக்கு நான்தான் குறுக்கே நின்னேனா! இதை முதல் நாளே சொல்லித் தொலைக்கிறதுக்கென்னப்பா?"

டிரைவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"போன டிரைவர் சொன்னார் முதலாளி. அதனாலதான் இந்த வேலை எனக்குக் கிடைச்சுது."