முகமில்லாத ராணி

"இந்தக் கிழமையும் விழுந்திருக்காம்!"

பூசை முடிந்து கோயில் வாசலுக்கு வருவதற்குள் செய்தி ஐரினை எட்டிவிட்டது. ஊரெல்லாம் ஜோர்ஜ் மன்னர் காசு புழங்க, காணிக்கைப் பையில் மட்டும் மறுபடியும் அதே மாதிரி ஒரு பழைய விக்டோரியா ராணி வெள்ளிக்காசு. ராணிக்குக் கூந்தல் இருந்தது, கழுத்து இருந்தது, முகம் மட்டும் இல்லை. போட்டவரைக் கண்டவர் ஒருவருமில்லை.

ஐரினின் புருஷன் கபிரியேல் போன மாதம்தான் கம்பளையில் மகாவலி வெள்ளத்தில் போனான். கால் வழுக்கி விழுந்தான் என்று சொல்லி கோயில் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள். அடுத்த ஞாயிறே முதல் காசு விழுந்தது. மாதமோ நவம்பர், செத்தவர்களுக்காக மன்றாடும் உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதம். கண்டிச் சனத்துக்குக் கதை கட்டச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

"வழுக்கி விழுந்தவன் ஆத்துமா இப்படி அலையுமா? தானாத்தான் குதிச்சிருக்கான். ஆண்டவர் மூஞ்சில முழிக்க முடியாம, மூஞ்சி இல்லாத காசை அனுப்புறான்" என்றாள் பக்கத்து வீட்டுப் பெற்றீசியா, ஐரினுக்குக் கேட்கும்படியே.

தற்கொலை செய்தவனுக்கு மந்திரித்த மண்ணில் இடமில்லை. பெட்டியைத் தோண்டி எடுத்து வெளியே புதைக்க வேண்டும் என்று கோயில் பெரியவர்கள் சுவாமியாரை நெருக்கத் தொடங்கினார்கள்.

போகப் போக ஐரினுக்கே சந்தேகம் வந்துவிட்டது. சோறு வடிக்கும்போது கண்ணை மூடிக் கபிரியேலை நினைத்துப் பார்த்தாள். சுருட்டை முடி வந்தது. கழுத்தில் கிடந்த மாதா மெடல் வந்தது. முகம் வரவில்லை. பானையை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

இதைப் பேசி முடிக்கக் கோயில் பெரியவர்கள் கூடிய கூட்டத்துக்கு அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். தோண்டுவது என்று முடிவாகப் போகிற நேரத்தில், இத்தனை கிழமையும் வாய் திறக்காத ஹென்றி எழுந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பென்ஷன் எடுத்து அம்பிட்டியவில் இருப்பவர், பழைய காசு சேர்ப்பதில் பைத்தியம்.

"ஆத்துமாவுமில்லை, பேயுமில்லை சுவாமி. அச்சடிக்கேக்க அடி சரியா விழாத காசு, அவ்வளவுதான்."

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் சுவாமியார்.

"அச்சு தேய்ஞ்சு போனாலும் இப்பிடி வரும். அடி மெதுவா விழுந்தாலும் வரும். இதில பின்பக்கத்து மரத்தைப் பாருங்கோ, ஆழமா வெட்டின அச்சு. வெள்ளியெல்லாம் அந்த மரத்துக்குள்ள இறங்கிப் போட்டுது. நேர் எதிரில இருக்கிற முகத்துக்கு மிஞ்சேல்லை. தடவிப் பாருங்கோ, சொரசொரப்பாக் கிடக்கு. பிறகு தேய்ஞ்சதெண்டால் வழுவழுப்பா இருக்கும். இது பிறக்கேக்கயே முகமில்லாமல் பிறந்தது."

சுவாமியார் தடவிப் பார்த்தார். பெரியவர்களும் ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்தார்கள். தோண்டும் பேச்சு அத்தோடு நின்றது. ஐரின் அழுத அழுகையில் பெற்றீசியாகூட முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்குச் சோறு வடிக்கும்போது கபிரியேல் முகத்தோடு வந்தான். சிரித்துக்கொண்டுதான் வந்தான்.

மறுநாள் ஐரின் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அம்பிட்டிய மேட்டில் ஏறினாள்.

"நீங்க மட்டும் இல்லாட்டி அவரைக் குழியிலருந்து தோண்டி எடுத்திருப்பாங்க ஐயா. உங்களைத் தெய்வமாக் கும்பிடுறேன்."

ஹென்றிக்கு வாயெல்லாம் பல். கதிரையில் உட்காரச் சொல்லி, அலுமாரியைத் திறந்து தன் பொக்கிஷத்தைக் காட்டினார். சிவப்பு வெல்வெட்டில் வரிசையாக ராணிகள், கண்ணும் மூக்கும் அப்படியே உயிரோடு இருப்பதுபோல.

"ஒண்டிலயும் பழுதில்லை, பாத்தியே பிள்ளை? கொழும்பு ஏலத்தில குவியலாத்தான் தருவாங்கள். முகமில்லாததுகளும் அதுக்குள்ள கலந்துதான் வரும்."

ஐரின் வெல்வெட்டிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"அதுகளை என்ன செய்வீங்க ஐயா?"

ஹென்றி ஒரு ராணியின் முகத்தை ஊதித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கடைக்காரன் திருப்பித் தந்திடுவான் பிள்ளை. கோயில் பை எண்டால் ஒண்டும் கேளாது."