இன்று யாரை அழைக்கலாம்

விரலை எடுப்பதற்குள் பட்டியல் வந்துவிட்டது.

அவள் நம்பவில்லை. எதையோ கெடுத்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

பட்டியலை மூடினாள். மறுபடி அழுத்தினாள்.

வந்துவிட்டது.

காலையிலிருந்து மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். கூடத்தில் ஒரு சுற்று நடந்தாள். திரும்பி வந்து, நின்றபடியே இன்னொரு தடவை அழுத்தினாள்.

திருநெல்வேலியில் அவசரத்துக்கு ரத்தம் தேடுகிறவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலையை அவளும் அவள் தோழி ஜெபராணியும் சேர்ந்து செய்தார்கள். சம்பளமில்லாத வேலை. கொடுப்பவர்களின் பெயர், ரத்த வகை, ஊர், எப்போது கொடுத்தார்கள், எல்லாம் இவள் கணினியில் இருந்தது. அதற்கான நிரலையும் இவளே எழுதியிருந்தாள். படம், பொத்தான் எதுவும் கிடையாது. வெறும் எழுத்து. ரத்த வகையைத் தட்டி ஒரு விசையை அழுத்தினால், இன்று யாரை அழைக்கலாம் என்று அது சொல்ல வேண்டும்.

சொல்லும். மெதுவாக.

ஆட்கள் சேரச் சேர இன்னும் மெதுவாக. விசையைத் தட்டிவிட்டுப் போய் பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டு வரலாம். போனில் காத்திருப்பவர்களுக்கு அதெல்லாம் தெரியாது. லைனில் இருங்கள், லைனில் இருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். போன வாரம் ஒரு பெண் அழுதபடியே போனை வைத்துவிட்டாள். பட்டியல் அதற்குப் பிறகு வந்தது. திரும்ப அழைத்தபோது யாரும் எடுக்கவில்லை.

அன்றே ஜெபராணி முடிவு செய்துவிட்டாள். இது சரிப்படாது, வாட்ஸ்அப் குழு போதும் என்றாள். குழுவில் கேட்டால் போன மாதம் கொடுத்தவர்தான் முதலில் கிளம்பிப் போவார், மூன்று மாதம் ஆகவில்லை என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்புவார்கள் என்று இவள் சொல்லிப் பார்த்தாள். அப்படியானால் புதுக் கணினி வாங்கு என்றாள் ஜெபராணி.

கணினி பழசுதான். ஆனால் குற்றம் அதனுடையதுதானா என்று யாரும் பார்த்ததில்லை.

இன்று பார்த்தாள்.

எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று அளந்து காட்டும் ஒரு நிரலை ஓடவிட்டாள். வந்த பதிலைப் படித்ததும் சிரிப்பு வந்தது. ஒரே ஒரு பெயரைக் காட்டலாமா கூடாதா என்று தெரிந்துகொள்ள, கணினி எல்லா வருடத்துக் கோப்புகளையும் திறந்து முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருந்தது. அடுத்த பெயருக்கு மறுபடியும் முதல் வரியிலிருந்து. அதற்கடுத்த பெயருக்கும் அப்படியே. படித்ததை அது நினைவில் வைத்துக்கொள்ளவே இல்லை.

வைத்துக்கொள் என்று அவள் அதுவரை சொல்லவும் இல்லை.

சொன்னாள். ஒரே தடவை படி. ஒவ்வொருவரும் கடைசியாகக் கொடுத்த தேதியை மட்டும் தனியே எடுத்து வை. யாருடைய தேதி மாறுகிறதோ அவருடையதை மட்டும் திருத்து.

கொஞ்சம் வரிகள்தான்.

பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒருவர்கூட விட்டுப்போகவில்லை.

ஜெபராணியிடம் சொல்லப் போனை எடுத்தாள். எடுத்த கையிலேயே அது அடித்தது.

பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் பேசினார். மனைவிக்குப் பிரசவம், சாயங்காலம் ஆபரேஷன், ஓ நெகட்டிவ், ரத்த வங்கியில் இல்லை, மதியத்துக்குள் ஆள் வந்தால்தான் சோதித்துப் பார்த்துக் கொடுக்க முடியுமாம். மூச்சு விடாமல் சொன்னார். ஆஸ்பத்திரியின் பெயரை அவர் சொல்லி முடிப்பதற்குள் திரையில் மூன்று பெயர்கள் நின்றன.

லைனில் இருங்கள் என்று வாய்வரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டாள்.

"ஆள் இருக்கு. நீங்க போன வைங்க, நானே கூப்பிடுதேன்."

முதல் பெயர் சார்லஸ். கோவில்பட்டியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். மேளச் சத்தத்தில் அவர் சொன்னது பாதிதான் கேட்டது. வர முடியாது என்பது கேட்டது.

இரண்டாவது புனிதவதி டீச்சர். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லி அவரே வருத்தப்பட்டார்.

மூன்றாவது மைதீன். மேலப்பாளையத்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது.

மறுபடி அழைத்தாள். இதை வேகமாக்க அவளிடம் வழி இல்லை.

எடுத்தான்.

"எக்கா, கையெல்லாம் கிரீஸு. கழுவிட்டுக் கிளம்புதேன். எந்த ஆஸ்பத்திரி?"

சொன்னாள். ஆஸ்பத்திரியில் காத்திருந்தவருக்கு மைதீனின் எண்ணைக் கொடுத்தாள். அதன் பிறகுதான் ஜெபராணியை அழைத்தாள். ஜெபராணி நம்பவில்லை. நான் லைனிலேயே இருக்கிறேன், நீ அழுத்து என்றாள்.

"அழுத்தியாச்சு. வந்தாச்சு."

ஜெபராணிக்கு அது போதவில்லை.

"இன்னொரு தடவ அழுத்து."

அழுத்தினாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். வாட்ஸ்அப் குழுவைப் பற்றி ஜெபராணி எதுவும் சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டாள். போனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

மைதீன்தான் அழைத்தான்.

"குடுத்துட்டேன்க்கா. ஜூஸ் குடிச்சிட்டிருக்கேன்."

தலை சுற்றுகிறதா என்று கேட்டாள்.

"அதெல்லாம் இல்ல. இந்த அண்ணாச்சிதான் என் கைய விடமாட்டேங்காரு."

அவள் மடிக்கணினி முன்னால் போய் உட்கார்ந்தாள். மைதீனின் பெயருக்குக் கீழே இன்றைய தேதியை எழுதினாள். விசையை அழுத்தினாள்.

பட்டியல் வந்தது. அதில் அவன் இல்லை.

அவன் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.