மிளகா, கிராம்பா?

தூர்தர்ஷன் செய்தியை அணைத்துவிட்டு வேங்கடசுப்ரமணியன் கத்தினார். "மாட்டுங்காவில, என் வீட்டில, ஒயின் பாட்டிலா?"

மகன் ரமணி தம்ளரை நீட்டினான். "நாளைக்கு ஹோட்டல் வேலைக்கு இண்டர்வியூப்பா. இந்தப் பிரெஞ்சு ஒயினை விளக்கச் சொல்லுவா. குடிக்க வேண்டாம், மோந்து பாருங்கோ. காபிக்குப் பீபரிக் கொட்டையும் பிளாண்டேஷன் கொட்டையும் மூக்காலேயே பார்த்துக் கலப்பேளே, அதேதான். இதில மூணு திராட்சை. ஒண்ணு பழவாசனை, ஒண்ணு துவர்ப்பு, ஒண்ணு மிளகு."

"குடிக்கு வியாக்யானம் வேறயா? அந்த வேலைக்குப் போனா இந்த வீட்டுப் படி ஏறாதே!"

"நான் எங்கேப்பா போறேன்? இண்டர்வியூ ருக்குவுக்கு."

அவர் முகம் சிவக்க மருமகள் பக்கம் திரும்பினார்.

"மிளகு இல்லை, கிராம்பு," என்றாள் ருக்கு.

"வாசனை விஷயத்தில என்கிட்டயேவா?" தம்ளரைப் பிடுங்கி மோந்தார். மறுபடியும் மோந்தார்.

"கிராம்புதான்," என்று உறுமினார். "நாளைக்கு இந்த மூக்கில்லாதவனைக் கூட்டிண்டு போயிடாதே!"