கடைசி வரிசைக் குடிகாரர்

ஒரு மனிதர் மூன்று ஞாயிற்றுக்கிழமையாக விடாமல் இந்த வகுப்புக்கு வருகிறார் என்றால், அவருக்குக் குடி எவ்வளவு முற்றியிருக்கும் என்று ஓட்டுநர் சங்கத்தில் எல்லோரும் தங்களுக்குள் முடிவு கட்டிவிட்டார்கள்.

வகுப்பு அப்படிப்பட்டது. குடித்துவிட்டு ஓட்டுகிறாயா என்று போலீஸ் வண்டியை மறித்தால் நமக்கு என்னென்ன உரிமை உண்டு என்பதுதான் பாடம். டயர் கடைக்கு மேலே உள்ள சங்க அறையில், காலை பத்து மணிக்கு, வக்கீலம்மா காசு வாங்காமல் சொல்லிக் கொடுக்கிறார்.

ஊதும் கருவியில் புதுக் குழாய் மாட்டச் சொல்லலாம். ஊதுவதற்கு முன் அது பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்கலாம். அச்சாகி வரும் சீட்டைக் கேட்டு வாங்கலாம். சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை கேட்கலாம்.

"இது குடிச்சவங்க தப்பிக்க இல்ல, குடிக்காதவங்க மாட்டிக்காம இருக்க" என்று ஒவ்வொரு வாரமும் சொல்லிவிட்டுத்தான் அவர் ஆரம்பிப்பார். பாதிப் பேர் டீக்காக வருகிறவர்கள். அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள்.

கடைசி வரிசைக்காரர் மட்டும் டீயைத் தொடுவதில்லை. நோட்டைத் திறந்தால் மூடுவதில்லை. முக்கியமான வரிகளுக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு வேறு. பரீட்சைக்குக்கூட இந்த ஊரில் யாரும் இப்படிப் படித்ததில்லை.

அன்றைக்கு அவருடைய சந்தேகங்கள் ஒரு படி மேலே போய்விட்டன. வாய் கொப்பளிக்கிற மருந்தில் சாராயம் இருக்குமா என்று கேட்டார். சிலதில் இருக்கும், தண்ணீரால் கொப்பளித்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத விடச் சொல்லிக் கேட்கலாம் என்றார் வக்கீலம்மா. எழுதிக்கொண்டார்.

பல் டாக்டர் ஊசி போட்டால் வாய் மரத்துப் போய்ப் பேச்சு குழறுமா என்பது அடுத்த சந்தேகம்.

தண்ணி லாரி ஓட்டுகிற சங்கச் செயலாளருக்கு வாய் சும்மா இருக்குமா? "அண்ணே, பல்லு இருக்கிற வரைக்கும் உங்களுக்குக் கவலையே இல்ல" என்றார். அறையே சிரித்தது. கடைசி வரிசைக்காரரும் கொஞ்சம் சிரித்துவிட்டு, டாக்டர் சீட்டைப் பிறகு கொண்டுவந்து காட்டினால் செல்லுமா என்று மறுபடி கையைத் தூக்கினார்.

வக்கீலம்மாவுக்குச் சுருக்கென்றது. திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோமோ என்று தோன்றிவிட்டது. தப்பிக்க வழி தேடுகிற ஆளுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கவா ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வருகிறார்?

"சீட்டு செல்லும். ஆனா தீர்ப்பு வந்து முப்பது நாளுக்குள்ள மேல்முறையீடு போடணும்" என்றார், பாடத்தை முடிக்கிற குரலில்.

கடைசி வரிசைக்காரர் விரல்விட்டு எண்ணினார். "இருபத்தாறு போயிடுச்சும்மா."

அப்படியென்றால் இது நிஜ வழக்கு. எழுந்து கிளம்பிய இரண்டு பேர் திரும்ப உட்கார்ந்தார்கள். இதைவிட நல்ல பொழுதுபோக்கு வெளியே எங்கே இருக்கிறது?

வக்கீலம்மா கையை நீட்டினார். அவர் நோட்டுக்குள்ளிருந்து மடித்த வழக்குக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒருவருடைய வழக்கு அது. பல் பிடுங்கிக்கொண்டு, டாக்டர் கொடுத்த மருந்தால் வாய் கொப்பளித்துவிட்டு, வீங்கிய கன்னத்தோடு திரும்பி வரும்போது மறித்திருக்கிறார்கள். கருவி சத்தம் போட்டிருக்கிறது. மரத்துப் போன வாயால் அவர் சொன்னது யாருக்கும் விளங்கவில்லை. உளறுகிறார் என்று எழுதிவிட்டார்கள். லைசென்ஸ் போனது, அதோடு வேலையும் போனது. வாழ்க்கையில் ஒரு சொட்டு தொடாத மனிதராம்.

சிரித்தவர்கள் எல்லோரும் இப்போது தரையைப் பார்த்தார்கள். செயலாளருக்கு அந்த அண்ணன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. யாரோ ஒரு வேன்காரருக்காக மூன்று வாரமாக வந்த மனிதரையா குடிகாரர் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்?

"வேன்காரர் உங்களுக்கு என்ன உறவு?" என்றார் வக்கீலம்மா.

"உறவெல்லாம் இல்லம்மா. லைசென்ஸ் திரும்பக் கிடைக்குமா, அதைச் சொல்லுங்க."

வக்கீலம்மா மழுப்பவில்லை. டாக்டர் சீட்டு மட்டும் போதாது, ஊதச் சொன்ன போலீஸ்காரரே முன்வந்து, மறுபடி ஊத விடவில்லை, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை, தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தால் கண்டிப்பாக ஜெயிக்கலாம் என்றார். ஆனால் எழுதிக் கொடுத்தால் அவர் மேலேயே விசாரணை வரும். பதவி உயர்வு ஏதாவது வரவிருந்தால் அதுவும் போகும்.

"எந்தப் பூனைம்மா தன் கழுத்துல தானே மணி கட்டிக்கும்?" என்றார் செயலாளர். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர் சொன்னது அவ்வளவு நியாயமாக இருந்தது.

கடைசி வரிசைக்காரர் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு எழுந்து முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்தார். நோட்டில் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பி, பேனா மூடியைக் கழற்றினார்.

"எப்படி எழுதணும்னு சொல்லுங்கம்மா. அன்னிக்கு அவரை ஊத வச்சவன் நான்தான்."